மறுபடி குடித்துவிட்டால்: அடுத்த சில நாட்களுக்கு ஒரு வழிகாட்டி

குடியை விட்டு சில மாதமோ ஒரு வருஷமோ ஆன பிறகு ஒரு நாள் மறுபடி குடித்துவிட்டவர்களுக்கும், அவர்கள் வீட்டில் இருப்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன். சேலம், ஏற்காடு பக்கம் குடியை விட்டவர்களோடு உட்கார்ந்து பேசுகிறவன் நான். ஆளைக் கவிழ்ப்பது பெரும்பாலும் குடித்த மறுநாள் காலையில் வருகிற எண்ணம். "அதான் போச்சே, இனி என்ன இருக்கு" என்று மனசு சொல்லும். அதை நம்பினால் ஒரு குவாட்டர் ஒரு மாதமாக நீண்டுவிடும்.

ஆலன் மார்லட் என்ற அமெரிக்க உளவியலாளர் 1980-களில் இதைத்தான் விரிவாகப் பேசினார். ஒரு தடவை தவறுவது சறுக்கல். "என்னால் முடியாது, நான் இவ்வளவுதான்" என்று முடிவுகட்டிப் பழைய குடிக்கே திரும்புவது வீழ்ச்சி. முதலாவதிலிருந்து இரண்டாவதுக்கு ஆளைத் தள்ளிக்கொண்டு போவது அவமானம். அதனால் கீழே சொல்லும் ஒவ்வொரு வேலையும் அந்த அவமானம் வேலையைக் காட்டுவதற்குள் செய்ய வேண்டியது.

வரிசை முக்கியம். முதலில் உடம்பு, பிறகு ஒருவரிடம் சொல்வது, பிறகு மருத்துவர், கடைசியில்தான் "ஏன் குடித்தேன்" என்ற விசாரணை. நம் வீடுகளில் இது தலைகீழாக நடக்கிறது. ஆள் தள்ளாடிக்கொண்டு நிற்கும்போதே "ஏன் குடிச்சே, யாரு வாங்கிக் கொடுத்தா" என்று ஆரம்பித்துவிடுகிறோம்.

அந்த ராத்திரி

குடித்துக்கொண்டிருக்கும்போதே "ஐயோ" என்று உறைத்தால், மீதியைக் கீழே ஊற்றிவிட்டு எழுந்து வாருங்கள். காசு கொடுத்து வாங்கியது வீணாகிறதே என்று தோன்றும். ஊற்றுங்கள். வண்டியை அங்கேயே விட்டுவிட்டு ஆட்டோவிலோ, யாரையாவது கூப்பிட்டோ வீட்டுக்குப் போங்கள். ஏற்காட்டில் இருப்பவர்கள், தயவுசெய்து அந்த 20 கொண்டை ஊசி வளைவுகளை இந்த நிலையில் வண்டியில் இறங்க நினைக்காதீர்கள்.

இன்னொரு எச்சரிக்கை. பல மாதம் குடிக்காமல் இருந்த உடம்புக்குப் பழைய தாங்கும் சக்தி இருக்காது. அப்போது ஆஃப் அடித்துவிட்டு நிதானமாக இருந்தவர், இப்போது அதே அளவில் மயங்கி விழலாம். தட்டினாலும் எழவில்லை, மூச்சு மெதுவாக விட்டு விட்டு வருகிறது, உடம்பு சில்லிட்டுப் போகிறது என்றால் "தூங்கட்டும், தெளிஞ்சிடும்" என்று விடக் கூடாது. ஒருக்களித்துப் படுக்க வைத்துவிட்டு 108-ஐக் கூப்பிடுங்கள்.

டைசல்ஃபிராம் என்பது, குடித்தால் உடம்பு ஒத்துக்கொள்ளாமல் செய்யும் மாத்திரை. அதை எடுப்பவர் குடித்துவிட்டால் கதையே வேறு. முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி வந்து, ரத்த அழுத்தம் இறங்கும். சிலருக்கு இது உயிருக்கே ஆபத்து. நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய், மாத்திரையின் பெயரைச் சொல்லுங்கள். மாத்திரையை நிறுத்தி ஒரு வாரம் ஆகிவிட்டதே என்று சமாதானம் செய்துகொள்ளாதீர்கள். அதன் வேலை உடம்பில் இரண்டு வாரம் வரைகூட இருக்கும்.

இதெல்லாம் இல்லாமல் சாதாரண போதைதான் என்றால், தண்ணீர், ஏதாவது சாப்பாடு, தூக்கம். அன்று ராத்திரி எந்தச் சத்தியமும் வேண்டாம், கற்பூரம் அடிக்க வேண்டாம், வேலையை விடுவது, வீட்டை விட்டுப் போவது மாதிரி எந்த முடிவும் வேண்டாம்.

செத்துவிடலாம் என்ற நினைப்பு வந்தால் அதை மறைக்காதீர்கள். போதையும் அவமானமும் சேரும் ராத்திரியில் இது அபூர்வமாக வரும் நினைப்பு அல்ல. 14416 என்ற டெலி மனஸ் எண்ணில் ராத்திரி பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது. காட்டு வேலை செய்யும் வீடுகளில் பூச்சி மருந்து கைக்கெட்டும் இடத்தில் இருக்கும். அதை எடுத்துப் பக்கத்து வீட்டில் வைப்பது வீட்டார் அன்றே செய்ய வேண்டிய வேலை.

எத்தனை நாள் குடித்தீர்கள்?

மறுநாள் காலையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது. ஏன் என்பது அப்புறம்.

ஒரே ஒரு சாயங்காலம் குடித்திருந்தால் தலைவலி, வாந்தி, அசதியோடு பெரும்பாலும் தீர்ந்துவிடும். நிறுத்திவிடலாம். ஆனால் தினமும் குடித்து நாட்கள் ஓடியிருந்தால், அதுவும் முன்பு நிறுத்தியபோது கைகால் உதறலோ வலிப்போ வந்தவர் என்றால், வீட்டிலேயே திடீரென்று நிறுத்துவது ஆபத்து. வைராக்கியம் வேறு, மூளையின் வேதியியல் வேறு. மதுவுக்குப் பழகிப்போன நரம்புகள் அது நின்றதும் கட்டவிழ்ந்து துடிக்கின்றன.

கடைசியாகக் குடித்து சில மணி நேரத்தில் கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, தூக்கமின்மை ஆரம்பிக்கும். வலிப்பு வருவதென்றால் பெரும்பாலும் முதல் இரண்டு நாட்களுக்குள் வரும். இரண்டாம் நாளுக்கு மேல் நாலாம் நாள் வரைக்கும் வரக்கூடியது சித்தப்பிரமை: சுவரில் எறும்பு ஊர்வதாகச் சொல்வார், இல்லாத ஆளோடு பேசுவார், எந்த ஊரில் இருக்கிறோம் என்று தெரியாமல் கத்துவார், காய்ச்சல் அடிக்கும். இதைக் காத்து கருப்பு என்று நினைத்து வேப்பிலை அடிக்கக் கூட்டிப்போகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். இது அவசர சிகிச்சை வேண்டிய நோய். கவனிக்காமல் விட்டால் உயிர் போகும்.

வலிப்பு வந்தால் கையில் சாவிக்கொத்தைத் திணிக்காதீர்கள், வாயில் ஸ்பூன் வைக்காதீர்கள். ஒருக்களித்துப் படுக்க வைத்து, தலைக்கு அடியில் துணியை வைத்து, 108-ஐக் கூப்பிட வேண்டும்.

மலையில் இருப்பவர்களுக்கு ஒரு கணக்கு. ஏற்காட்டிலிருந்து சேலம் சுமார் 30 கிலோமீட்டர்தான். ஆனால் எஸ்டேட் லைன் வீட்டிலிருந்து மெயின் ரோட்டுக்கு வருவதே ஒரு பயணம், அதன் பிறகுதான் மலைப்பாதை. பழைய வலிப்புக் கதை இருக்கிறவருக்குச் சாயங்காலம் நடுக்கம் ஆரம்பித்தால், ராத்திரி என்ன ஆகிறது பார்ப்போம் என்று இருக்காமல் வெளிச்சம் இருக்கும்போதே கீழே இறங்கிவிடுங்கள். ஏற்காட்டிலேயே அரசு மருத்துவமனை இருக்கிறது. முதலில் அங்கே காட்டி, அவர்கள் அனுப்பி வைத்தாலும் நல்லதுதான்.

அப்புறம் அந்த குளுக்கோஸ் பாட்டில். குடித்து ஓய்ந்தவரைப் பக்கத்து கிளினிக்கில் படுக்கவைத்து "ஒரு பாட்டில் ஏத்துங்க சார், தெம்பா ஆயிடுவார்" என்று கேட்பது நம் ஊர் வழக்கம். நீண்ட நாள் குடித்தவர் உடம்பில் தயாமின் என்ற பி1 வைட்டமின் வற்றிப்போயிருக்கும். அந்த நிலையில் பி1 கொடுக்காமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால், இருக்கிற கொஞ்சமும் செலவாகி மூளை பாதிக்கப்படலாம். ஞாபகமே தங்காத நிலைக்குப் போனவர்கள் உண்டு. அதனால் எந்த மருத்துவரிடம் போனாலும் "இவர் குடிநோயாளி, பல நாளாகக் குடித்துவிட்டுச் சரியாகச் சாப்பிடவில்லை" என்ற தகவலை முதல் வார்த்தையாகச் சொல்லிவிடுங்கள். வெறும் காய்ச்சல், வாந்தி என்று சொல்லி மறைத்தால் அவர் வேறு வைத்தியம் பார்ப்பார்.

போன தடவை டிஸ்சார்ஜ் ஆனபோது கொடுத்த நடுக்க மாத்திரைகள் பீரோவில் மீதி இருக்கும். அதை நீங்களே எடுத்துப் போட வேண்டாம். சாராயமும் அந்த மாத்திரையும் சேர்ந்தால் மூச்சை அமுக்கும்.

ஒருவரிடம் சொல்லுங்கள், ஒருவரிடம் மட்டும்

எல்லாரிடமும் சொல்லத் தேவையில்லை. வீட்டில் சொல்வதற்கு முன்னால்கூட, குடியை விட்டு நிலைத்திருக்கும் ஒருவரிடம் சொல்வது சுலபம். அவருக்கு அதிர்ச்சியே இருக்காது. என்ன சொல்வதென்று தெரியாமல்தான் பலர் போனை எடுத்து எடுத்து வைக்கிறார்கள். இப்படிப் பேசினால் போதும்:

"அண்ணா, நேத்து சாயங்காலம் குடிச்சிட்டேன்."

"சரி. இப்ப எங்க இருக்கே?"

"வீட்ல தாண்ணா."

"சாப்டியா? கை நடுங்குதா? கையில காசு எவ்ளோ இருக்கு?"

"எண்ணூறு ரூவா இருக்கும்ணா."

"அதை உங்க அம்மா கையில கொடுத்துட்டு, கெளம்பி வா. வந்து பேசிக்கலாம்."

இவ்வளவுதான். அறிவுரை ஏதும் இல்லை பாருங்கள். நல்ல துணைவர் முதல் போனில் பசி, நடுக்கம், காசு மூன்றையும்தான் கேட்பார். அப்படி ஒரு ஆள் உங்களுக்கு இன்னும் இல்லையென்றால், 14446 என்ற போதை மீட்பு உதவி எண்ணில் பேசலாம்.

வீட்டில் இருப்பவர்களுக்கு

மனைவிக்கும் அம்மாவுக்கும் இந்த நாள் எப்படி இருக்கும் என்று தெரியும். இத்தனை மாதம் நிம்மதியாகத் தூங்கியவர்கள், வாசலில் செருப்பு விடும் சத்தத்திலேயே ஆள் எப்படி வந்திருக்கிறார் என்று கண்டுபிடித்துவிடுவார்கள். கோபம் வரத்தான் செய்யும். அதை அடக்கிக்கொள்ளச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. மறுநாள் தெளிந்த பிறகு கோபப்படுங்கள் என்று மட்டும் சொல்கிறேன். போதையில் இருப்பவரிடம் பேசுவது எதுவும் அவர் தலையில் தங்காது, சண்டை மட்டும் தங்கும்.

தெளிந்த பிறகு பேசும்போது கேள்விகளைக் குறைத்து, செய்தியாகச் சொல்லுங்கள். "நேத்து நீங்க குடிச்சிட்டு வந்தீங்க. பாப்பா பயந்து பக்கத்து வீட்டுக்குப் போயிட்டா. இன்னைக்கு ஆஸ்பத்திரிக்குப் போலாம், நான் கூட வரேன்." இதில் திட்டும் இல்லை, மழுப்பலும் இல்லை. "உங்க அப்பா மாதிரியே நீங்களும்" என்று ஆரம்பித்தால் அது வேறு ஊருக்குப் போய்விடும்.

முதலாளிக்குப் போன் செய்து "அவருக்குக் காய்ச்சல்" என்று பொய் சொல்ல வேண்டாம். அவரே பேசட்டும். குடிக்காகப் பட்ட கடனை உங்கள் சங்கிலியை அடகு வைத்து அடைக்க வேண்டாம். சாப்பாடு போடுங்கள், மருந்து எடுத்துக் கொடுங்கள். குடியின் விளைவுகளை மட்டும் அவர் கையிலேயே விட்டுவிடுங்கள்.

அடுத்து, சாப்பாட்டில் கலக்கும் மருந்து. "அவருக்குத் தெரியாமலேயே குடியை மறக்கடிக்கும் பொடி" என்ற விளம்பரத்தைப் பார்க்காத ஆள் நம் ஊரில் இருக்க முடியாது. அந்தப் பொடியில் என்ன இருக்கிறது என்று வாங்குகிறவருக்குத் தெரியாது. டைசல்ஃபிராம் மாத்திரையைப் பொடித்துக் குழம்பில் கலப்பவர்களும் உண்டு. அவர் விஷயம் தெரியாமல் வழக்கம்போலக் குடித்தால், பாசத்தில் செய்தது உயிருக்கே வினையாகும். அவருக்குத் தெரிந்து, அவர் சம்மதித்து, மருத்துவர் எழுதிக் கொடுத்து எடுக்க வேண்டிய மருந்து அது. இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது.

அடி விழும் வீடு என்றால் மேலே சொன்ன பொறுமை எதுவும் உங்களுக்குப் பொருந்தாது. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு முதலில் வெளியேறுங்கள். 181 பெண்களுக்கான உதவி எண். அவர் குணமாவதற்காக நீங்கள் அடி வாங்க வேண்டியதில்லை.

கடை திறப்பதற்குள் ஓ.பி. சீட்டு

டாஸ்மாக் கடை பகல் 12 மணிக்குத் திறந்து ராத்திரி 10 மணிக்கு மூடும். (அதற்கு முன்னால் எங்கே கிடைக்கும் என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.) அரசு மருத்துவமனைப் புறநோயாளிப் பிரிவு காலையில் இயங்குவது. இந்த இரண்டு நேரத்தையும் சேர்த்துப் பாருங்கள்: குடித்த மறுநாள் காலை நேரம் உங்கள் பக்கம் இருக்கிறது. சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு. அங்கே போய் சீட்டு வாங்கி வரிசையில் உட்கார்ந்துவிட்டால், கடை திறக்கிற நேரத்தில் நீங்கள் மருத்துவர் முன்னால் இருப்பீர்கள். மனநலப் பிரிவு என்றதும் தயங்காதீர்கள். அந்த வரிசையில் தூக்கம் வராதவர், பரீட்சை பயக்காரர், உங்களைப் போன்றவர் எல்லாரும்தான் இருப்பார்கள்.

துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு போங்கள்: கடைசியாக எப்போது குடித்தேன், எவ்வளவு, எத்தனை நாள், முன்பு வலிப்பு வந்ததா, சர்க்கரை, ரத்த அழுத்தம், மஞ்சள் காமாலை உண்டா, இப்போது என்னென்ன மாத்திரை. அளவைக் குறைத்துச் சொல்வது குடிப்பவர்களின் குணம், மருத்துவருக்கும் அது தெரியும். ஆனால் மருந்தின் அளவு உங்கள் பதிலை வைத்துத்தான் தீர்மானமாகும்.

அளவு என்றதும் ஒரு கணக்கு. 180 மில்லி குவாட்டரில் 42.8 சதவீதம் சாராயம். கிராமில் பார்த்தால் சுமார் 60. பத்து கிராமை ஒரு அளவு என்று மருத்துவர்கள் வைத்திருக்கிறார்கள், ஆக ஒரு குவாட்டர் என்பது ஆறு அளவு. "ஒரே ஒரு குவாட்டர்தான் டாக்டர்" என்று நாம் சொல்லும்போது அவர் காதில் விழுவது இதுதான்.

குடிக்கும் ஆவலைக் குறைக்க நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட் போன்ற மருந்துகள் உள்ளன. ஈரல், சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று பார்த்து எது பொருந்தும் என்று மருத்துவர் சொல்வார். மாத்திரை போட்டுக்கொண்டே குடித்துவிட்டதால் "மாத்திரை வேலை செய்யலை" என்று தூக்கிப்போட வேண்டாம், போய்ச் சொல்லுங்கள். மருந்தை மாற்றலாம், அளவை மாற்றலாம். டைசல்ஃபிராம் எடுப்பவர்கள் அரிஷ்டம், சில இருமல் டானிக் ஆகியவற்றிலும் சாராயம் இருப்பதை ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்.

நோட்டில் எழுதுவது

உடம்பு தெளிந்து தூக்கம் வந்த பிறகுதான் இந்த வேலை. பத்து ரூபாய் நோட்டுப் போதும். குடித்த நிமிஷத்திலிருந்து பின்னோக்கி எழுதிக்கொண்டே போக வேண்டும். பெரும்பாலானோர் "நண்பன் கூப்பிட்டான், போனேன்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். கதை அதற்கு வெகு முன்னாலேயே தொடங்கியிருக்கும்.

சேலத்தில் குகை என்ற பகுதியில் வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் சலங்கை பற்றவைக்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். சனிக்கிழமை சாயங்காலம் ஆறரைக்குக் குடித்தார். ஆறேகாலுக்கு எங்கே இருந்தார்? கடைக்குப் பக்கத்தில், பழைய கூட்டாளியிடம் கொடுத்த கைமாற்றுக் காசை வாங்க. அதை ஏன் இன்று வாங்க வேண்டும்? ஞாயிற்றுக்கிழமை மச்சினன் வீட்டு விசேஷத்துக்கு மொய் எழுத வேண்டும். வாரக்கூலியில் எழுதியிருக்கலாமே? கூலியில் பிடித்தம் போக மீதி குறைவு, முதலாளியிடம் வாய்த்தகராறு. மத்தியானம் சாப்பிட்டாரா? இல்லை, ஆர்டர் அவசரம், டீயும் வடையும்தான். வெள்ளிக்கிழமை ராத்திரி? பட்டறையிலேயே ஒரு மணி வரை வேலை. வியாழக்கிழமை வழக்கமாகப் போகும், குடியை விட்டவர்கள் கூடும் கூட்டத்துக்கு ஏன் போகவில்லை? அதே ஆர்டர்.

ஆக, சறுக்கல் வியாழக்கிழமையே ஆரம்பித்துவிட்டது. கூட்டம் போகாதது, தூக்கம் கெட்டது, பட்டினி, கோபம், கையில் காசு, கால் போன தெரு. ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பார்த்தால் நியாயமான காரணம் உள்ள முடிவு. கைமாற்றுக் காசை ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜிபேயில் அனுப்பச் சொல்லியிருக்கலாம் என்பது நோட்டில் எழுதும்போதுதான் கண்ணில் படும். பசி, கோபம், தனிமை, அசதி நான்கில் எது எது இருந்தது என்று ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு சேர்ந்தாலே ஆபத்து, நம் ஆளுக்கு மூன்று இருந்தது.

எழுதி முடித்ததும் ஒன்றிரண்டு மாற்றங்களை மட்டும் தேர்ந்தெடுங்கள். கொலுசுக்காரருக்கு நான் சொல்வது: சனிக்கிழமை கூலி வாங்கும் நேரத்துக்கு மனைவியோ மகனோ பட்டறை வாசலுக்கு வந்துவிட வேண்டும், மத்தியானச் சாப்பாடு எவ்வளவு அவசரமானாலும் தள்ளக் கூடாது. பத்து சபதம் எடுத்தால் பத்தும் போகும்.

வழியையும் மாற்றுங்கள். சென்னை மாகாணத்தில் ராஜாஜி மதுவிலக்கை முதன்முதலாகக் கொண்டுவந்தது நம் சேலம் மாவட்டத்தில்தான், 1937 அக்டோபர் 1-ஆம் தேதி. இன்று அப்படி யாரும் நமக்காகக் கடையை மூடப் போவதில்லை. வேலையிடத்திலிருந்து வீட்டுக்குக் கடை இல்லாத பாதை ஒன்றை நாமேதான் போட்டுக்கொள்ள வேண்டும். இரண்டு தெரு சுற்று என்றாலும் பரவாயில்லை.

இந்த இடத்தில் நோட்டில் இன்னொரு வரி வந்து உட்காரும்: "குவாட்டரோடு நிறுத்திட்டேனே, அப்போ என்னால அளவா குடிக்க முடியும்போல." அதுதான் எனக்கு ரொம்ப பயம் தரும் வரி. உதறலும் வலிப்பும் வரும் அளவுக்குக் குடித்தவர் அளவுக் குடிக்குத் திரும்பி நிலைத்ததை நான் பார்த்ததில்லை. முதல் வாரம் குவாட்டரோடு நிற்கும். அடுத்த வாரம் அது ஒரு உரிமை மாதிரி ஆகிவிடும்.

கூட்டத்துக்குத் திரும்பிப் போவது

ஏ.ஏ. என்ற ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பு 1935-இல் அமெரிக்காவில் தொடங்கியது. அதன் இரண்டு நிறுவனர்களில் ஒருவரான டாக்டர் பாப் என்ற மருத்துவர், இன்னொருவரான பில்லைச் சந்தித்துக் குடியை நிறுத்திய சில வாரத்திலேயே ஒரு மருத்துவர் மாநாட்டுக்குப் போன இடத்தில் குடித்துவிட்டார். திரும்பி வந்த பிறகு அவர் கடைசியாகக் குடித்த நாள் என்று சொல்லப்படும் ஜூன் 10-ஐத்தான் அந்த அமைப்பின் பிறந்த நாளாக இன்றும் கொண்டாடுகிறார்கள். ஆக, குடித்துவிட்டுக் கூட்டத்துக்கு எப்படிப் போவது என்று கூச்சப்படுகிறவருக்கு, அந்தக் கூட்டத்தையே தொடங்கிவைத்தவர் முன்னோடி.

சேலத்திலும் குழுக்கள் கூடுகின்றன. காசு கிடையாது, பெயர், ஊர் சொல்ல வேண்டியதில்லை, குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம் மட்டும் போதும். மலை மேல் இருப்பவர்கள் போன் வழிக் கூட்டங்களில் சேரலாம், ஆனால் மாதம் ஒரு தடவையாவது நேரில் போய் முகம் காட்டிவிட்டு வருவது வேறு. குடும்பத்தாருக்கு அல்-அனான் என்று தனிக் குழு உண்டு. கணவர் வராவிட்டாலும் மனைவி போகலாம்.

நாள் கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிக்கும். அதில் சிலருக்கு வருத்தம். என்னைக் கேட்டால் கணக்கை நேர்மையாக ஒன்று என்றே எழுதுங்கள், ஆனால் இதற்கு முன் குடிக்காமல் இருந்த மாதங்களில் ஈரல் ஆறியதும், பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம் கட்டியதும் அழிந்துபோகவில்லை. பழைய தேதியைப் பிடித்துக்கொண்டு மறைப்பதுதான் அடுத்த சறுக்கலுக்கு விதை.

போதை மீட்பு மையத்தில் சேர்க்க வேண்டுமா?

ஒரு நாள் சறுக்கலுக்குத் தேவையில்லை. தொடர்ந்து குடிக்கிறார், நடுக்கம் கடுமையாக இருக்கிறது, வீட்டில் பாதுகாப்பு இல்லை, கூடவே மனச்சோர்வு இருக்கிறது என்றால் சேர்ப்பது நல்லது. இரண்டாவது தடவை சேர்ப்பதால் முதல் தடவை செலவழித்தது வீணாகிவிட்டது என்று அர்த்தமில்லை. சர்க்கரை ஏறினால் மறுபடி மருத்துவமனைக்குப் போவதில்லையா?

மையத்தைத் தேர்ந்தெடுக்கும்போது கண்ணைத் திறந்து பாருங்கள். பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். மருத்துவர் எப்போது வருவார், வலிப்பு வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். படுக்கை, கழிப்பறை, சமையலறை மூன்றையும் உள்ளே போய்ப் பாருங்கள். "வீட்டுக்கே ஆள் அனுப்பித் தூக்கிட்டு வந்துடுவோம், மூணு மாசம் நீங்க பார்க்கவே வர வேண்டாம்" என்று சொல்லும் இடத்தை நான் தவிர்ப்பேன். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மதுவால் வரும் மனநிலைப் பாதிப்புகளையும் உள்ளடக்கியது. சங்கிலியால் கட்டி வைப்பதை அது தடை செய்கிறது. அடிதான் வைத்தியம் என்று பேசுபவரிடம் உங்கள் ஆளை ஒப்படைக்காதீர்கள்.

நம் ஊர்க் காலண்டர்

சறுக்கலுக்குப் பிறகான முதல் வருஷத்துக்கு, சுவர்க் காலண்டரை எடுத்துச் சில நாட்களைச் சிவப்பு மையில் வட்டமிடுங்கள். கூலி நாள், போனஸ் வரும் தீபாவளி வாரம், கிடா விருந்து, துக்க வீடு. சேலத்துக்காரர்களுக்கு ஆடி மாதம் தனி. கோட்டை மாரியம்மன் பண்டிகையும் குகை வண்டி வேடிக்கையும் வரும்போது ஊரே தெருவில் இருக்கும், சொந்தக்காரர்கள் எல்லாரும் வீட்டில் இருப்பார்கள், "வருஷத்துக்கு ஒரு நாள்தானே மாமா" என்ற குரலும் இருக்கும். அதற்கு முன்கூட்டியே பதில் தயார் செய்யுங்கள். "மாத்திரை சாப்பிடறேன், சேர்ந்தா ஆகாது" என்பது எல்லாரும் ஒத்துக்கொள்கிற பதில். வேடிக்கை பார்க்கப் பிள்ளைகளோடு போய், பிள்ளைகளோடு திரும்புங்கள்.

மாலை போடுகிறவர்கள் கவனத்துக்கு இரண்டு. தினமும் குடித்துக்கொண்டிருந்தவர் மாலை போடும் நாளோடு திடீரென்று நிறுத்தினால், மேலே சொன்ன வலிப்பு ஆபத்து அவருக்கும் உண்டு. சாமி மேல் பாரத்தைப் போடுவதற்கு முன்னால் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். அடுத்தது, மாலை கழற்றும் நாள். விரதம் முழுக்கக் காவல் இருந்தது மாலை. அது இறங்கியதும் வேன் வரும் வழியிலேயே குடித்தவர்கள் எத்தனையோ பேர். அந்த வேனில் வராமல் பஸ்ஸில் தனியாக வந்துவிடுங்கள், அல்லது குடிக்காத ஒரு சாமியோடு சேர்ந்து வாருங்கள். கழற்றிய மறுநாளே கூட்டத்துக்குப் போகத் தேதி குறித்து வையுங்கள்.

ஏற்காட்டில் வேலை செய்பவர்களுக்கு மே மாதம், கோடை விழாவும் சேர்வராயன் கோயில் திருவிழாவும் வரும் நேரம். லாட்ஜில் ரூம் சுத்தம் செய்யும் தம்பிகளிடம் பேசினால் சிக்கல் எங்கே என்று தெரியும். விருந்தாளிகள் காலி செய்துவிட்டுப் போன அறையில், டீப்பாய்க்கு அடியில் பாதி பாட்டில் நிற்கும். காசு கொடுக்க வேண்டாம், கடைக்குப் போக வேண்டாம், யாரும் பார்க்கவும் இல்லை. குடியை விட்டவர் அந்த அறைக்குள் தனியாகப் போகக் கூடாது. சூப்பர்வைசரிடம் விஷயத்தைச் சொல்லி, இரண்டு பேராகப் போகும்படி கேட்கலாம். சொல்லக் கூச்சமாக இருந்தால் சமையலறைக்கோ தோட்ட வேலைக்கோ மாற்றிக் கேளுங்கள். காபிப் பழம் பறிக்கும் குளிர் மாதங்களில் "குளிருக்கு ஒரு கட்டிங்" என்று சொல்வார்கள். குடித்ததும் தோலுக்கு ரத்தம் பாய்வதால் சூடாகத் தெரியும், ஆனால் உள்சூடு அந்த வழியாகத்தான் வெளியேறுகிறது. ஃபிளாஸ்க்கில் சுக்கு காபி கொண்டுபோங்கள், கம்பளிச் சட்டை ஒன்று கூடுதலாகப் போடுங்கள், மத்தியானச் சாப்பாட்டை மறக்காதீர்கள்.